ஹென்றி மெட்: தில்லியின் இரண்டு பேராலயங்களை வரைந்தவர்

புது தில்லியைக் கட்டியது யார் என்று கேட்டால் ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் லட்யன்ஸ் என்று பதில் வரும்; சற்று வாசித்தவர்கள் ஹெர்பர்ட் பேக்கரின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த இருவரும் வரைந்து கொடுத்ததை வேலை நடக்கும் இடத்தில் வெயிலில் நின்று கட்டிமுடித்த உதவியாளர்களின் பெயர்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டன. அவர்களுள் ஒருவர் ஹென்றி அலெக்சாண்டர் நெஸ்பிட் மெட். ஆங்கிலிக்கன் மரபில் வந்த மீட்பின் பேராலயம், கத்தோலிக்கருடைய திரு இருதயப் பேராலயம் ஆகிய இரண்டையும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வரைந்தவர் அவர்தான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம் என்பதால், குளிர் சற்றுக் குறைந்திருந்த பிப்ரவரி மாதத்தில் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடக் கிளம்பினேன்.

துணைக்கு என் தாய்மாமா வந்தார். பாளையங்கோட்டைக்காரரான அவர் மத்தியப் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது மயூர் விஹாரில் வசிக்கிறார். ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் குதுப் மினாரையும் மலை மந்திரையும் சலிக்காமல் சுற்றிக் காட்டுகிற மனிதர் என்றாலும், இந்தக் கோவில்களை அவர் அதுவரை வாசலோடு பார்த்துப் போனவர்தான்.

மெட் 1892இல் பிறந்தவர். அவருடைய தந்தை பீட்டர் கோல்ட்ஸ்மித் மெட், இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரிலுள்ள நார்த் செர்னி என்னும் சிற்றூரில் குருவானவர். குருமனையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆராதனையின் ஒழுங்கு தெரிந்திருக்கும். எந்த நேரத்தில் சபை எழும், பாடகர் குழு எங்கே நிற்கும், பிரசங்கத்தின்போது கடைசி வரிசைக்காரர் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதையெல்லாம் புத்தகத்தில் படிக்க வேண்டியிருக்காது. கோவில் கட்ட வந்த பலருக்கு இல்லாத முன்பழக்கம் இது என்பது என் எண்ணம். இளமையில் லட்யன்ஸின் அலுவலகத்தில் வேலை பழகிய மெட், முதல் உலகப் போருக்குப் பிறகு பேக்கரின் ஆளாகத் தில்லிக்கு வந்தார். ரைசினா மேட்டின் மீது ஏறும் சாலையின் சரிவு வைஸ்ராய் மாளிகையை (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை) மறைத்துவிடுகிறது என்ற தகராறில் லட்யன்ஸும் பேக்கரும் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்குப் போயிருந்த காலம் அது. ஒருவரிடம் தொழில் பழகி மற்றவரிடம் சம்பளம் வாங்கிய மெட், இரண்டு பேருடைய நல்ல பழக்கங்களையும் எடுத்துக்கொண்டார் என்பதை அவருடைய சுவர்களே காட்டுகின்றன.

அவருக்கு முந்தைய நூற்றாண்டில் இந்தியாவில் ஆங்கிலேயரின் கோவில்களைப் பெரும்பாலும் படைப்பிரிவுப் பொறியாளர்களே கட்டினார்கள். சென்னை எழும்பூரில் 1821இல் முடிந்த புனித அந்திரேயா கோவிலைக் கட்டிய தாமஸ் டி ஹாவிலண்ட் சென்னைப் படையின் பொறியாளர். தில்லி காஷ்மீரி கேட்டில் 1836இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித யாக்கோபு கோவிலின் வேலையைத் தொடங்கிய ராபர்ட் ஸ்மித்தும் படையைச் சேர்ந்தவர்தான். லண்டனில் ஜேம்ஸ் கிப்ஸ் என்பவர் வரைந்து அச்சிட்டிருந்த மாதிரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர்ச் சுண்ணாம்பையும் உள்ளூர்க் கொத்தனாரையும் நம்பி அவர்கள் வேலை செய்தார்கள். அவற்றுள் அழகானவை உண்டு, எழும்பூர்க் கோவிலை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தில்லி வெயிலுக்குக் கோவில் எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்வியைத் தொழில்முறைக் கட்டடக்கலைஞர்கள் முழுமூச்சாக எடுத்துக்கொண்டது மெட்டின் தலைமுறையில்தான்.

மத்தியச் செயலகம் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, பேக்கரின் வட்டமான பழைய நாடாளுமன்றத்தைக் கடந்து நடந்தால் சர்ச் சாலையில் மீட்பின் பேராலயம் இருக்கிறது. அந்தப் பகுதியில் காவலர்கள் அடையாள அட்டை கேட்பார்கள். குடியரசு நாள் ஒத்திகைகள் நடக்கும் ஜனவரிப் பிற்பாதியில் தடுப்புகளைத் தாண்டிப் போவதே பெரும் பாடு என்பதால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இந்தக் கோவிலுக்காக 1920களின் நடுப்பகுதியில் நடந்த வடிவமைப்புப் போட்டியில் மெட் வென்றார். 1927இல் வைஸ்ராய் இர்வின் அடிக்கல் நாட்டினார். பூசை முறைகளில் ஆழ்ந்த பற்றுக்கொண்ட உயர் ஆங்கிலிக்கன் மரபினரான இர்வின் இதன் கட்டுமானத்தில் காட்டிய ஆர்வத்தால், வைஸ்ராயின் கோவில் என்றே இது பெயர் பெற்றது. புதிய தலைநகரம் திறந்துவைக்கப்பட்ட 1931ஆம் ஆண்டிலேயே கோவிலும் அர்ப்பணிக்கப்பட்டது. மீதி வேலைகள் 1935 வரை நடந்தன. அதே 1931 மார்ச்சில்தான் காந்தியும் இர்வினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள், அடுத்த மாதமே இர்வின் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார் என்பதை நினைத்தால், தாம் ஆவலோடு எழுப்பிய கோவிலில் அவர் அமர்ந்திருந்த நாட்கள் மிகச் சொற்பம்.

வெனிஸ் நகரத்தில், 1570களில் வந்த கொள்ளைநோய் தணிந்ததற்கு நன்றியாகக் கட்டடக்கலைஞர் பல்லாடியோ கட்டிய மீட்பர் கோவில் இதற்கு முன்மாதிரி என்பார்கள். லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் தோட்டப் புறநகரில் லட்யன்ஸ் கட்டிய கோவில்களின் சாயலும் இதில் உண்டு. பெயரையும் பொது அமைப்பையும் வெனிஸிலிருந்து வாங்கியிருந்தாலும், வெளித்தோற்றத்தில் எனக்கு முதலில் பட்டது அடக்கம்தான். கீழே அகன்ற சுவர்கள், அவற்றின் மேல் பின்வாங்கிய சுவர்கள், அதற்கும் மேலே நடுவில் குவியும் கோபுரம் என்று கட்டடம் படிப்படியாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டு மேலேறுகிறது. எங்கள் பாளையங்கோட்டையின் ஊசிக்கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குக் கோவில் என்றால் ஊருக்கு முன்னால் கோபுரம் தெரிய வேண்டும். இங்கேயோ அருகிலுள்ள வைஸ்ராய் மாளிகையின் குவிமாடத்தோடு போட்டிக்கு நிற்காமல் கோவில் தன் மரங்களுக்கிடையே ஒதுங்கிக்கொள்கிறது. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கலாம். அரசுக் கட்டடங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் அந்த வட்டாரத்தில், இந்த ஒதுக்கத்தைத் துணிச்சல் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

உள்ளே போனதும் மெட்டின் திறமை பிடிபட்டது. நடுக்கூடத்தின் மேல் வில்லாக வளைந்த நீண்ட கூரை, இருபுறமும் தடித்த தூண்களும் வளைவுகளும், சன்னல்கள் எல்லாம் கைக்கு எட்டாத உயரத்தில். கண் மட்டத்தில் பெரிய சன்னல் வைத்தால் வெளிச்சத்தோடு வெக்கையும் உள்ளே வந்துவிடும். மேலே வைத்தால் வெயில் சன்னலின் ஆழத்திலும் கூரையின் வளைவிலும் பட்டுத் தெறித்து, கூர்மை தணிந்த வெளிச்சமாக மட்டும் கீழே இறங்கும். சூடான காற்றும் உயரத்திலேயே தங்கிவிடும். மாமா தூண் ஒன்றின் மீது உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "சுவரோட கனத்தைப் பாத்தியா மருமகனே, மே மாசத்து வெயிலு உள்ள வந்து சேருறதுக்குள்ள ராத்திரி ஆயிரும்டே" என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. யாருக்காக இந்தக் குளிர்ச்சி யோசிக்கப்பட்டதோ அந்த வைஸ்ராயும் அவருடைய அதிகாரிகளும் கோடை தொடங்கியதும் சிம்லாவுக்கு ஏறிவிடுவார்கள். இதன் முழுப் பயனையும் அனுபவிப்பது, 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவான பிறகு தில்லி மறைமாவட்டத்தின் தலைமைக் கோவிலாக இது ஆனபின், ஆண்டு முழுவதும் இங்கே கூடும் சபைதான்.

அங்கிருந்து வட்டமான அஞ்சலகமான கோல் டாக்கானாவை நோக்கி நடந்தோம். திரு இருதயப் பேராலயம் புனித கொலும்பா பள்ளிக்கும் இயேசு மரியா கன்னியர் மடத்துப் பள்ளிக்கும் நடுவில் விரிந்த வளாகத்தில் நிற்கிறது. பிரான்சிஸ்கன் சபையைச் சேர்ந்த லூக் அடிகளார் முன்கை எடுக்க, ஆக்ரா பேராயர் 1929இல் அடிக்கல் நாட்டினார். 1930இல் வேலை தொடங்கியது. முதன்மைப் பீடத்தைக் கொடுத்தவர் சர் அந்தோணி டி மெல்லோ. மணி, பூசை உடைகள், மரச்சாமான்கள் முதலியவற்றைப் பேராயரே அளித்தார்.

மெட் இங்கே முற்றிலும் வேறு குரலில் பேசுகிறார். சிவப்புச் செங்கல்லும் வெள்ளைத் தூண்களும் மோதும் முகப்பு, அதன் இருபுறமும் அடுக்கடுக்காக எழும் சிறு கோபுரங்கள், வாசலுக்கு மேலே அசிசியின் புனித பிரான்சிஸின் உருவம் என்று எல்லாமே இத்தாலிய மரபில், தெருவில் போகிறவரை நிறுத்திப் பார்க்கவைக்கும் நோக்கத்தோடு அமைந்திருக்கின்றன. அதே மனிதர், அதே ஆண்டுகளில், ஒரு சபைக்கு அடங்கிய குரலிலும் மற்றொரு சபைக்கு முழங்கும் குரலிலும் வரைந்திருக்கிறார். என் மனம் முதலாவதன் பக்கமே சாய்கிறது. இங்கே முகப்பு தனக்காகவே எழுந்து நிற்பதுபோல இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்பக்கத்துக் கம்பீரத்துக்கும் பின்னாலுள்ள நீண்ட உடலுக்கும் உறவு தளர்ந்து தெரிகிறது. உள்ளே அகன்ற வளைவுகளும் பளபளக்கும் கல்தரையும் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்துவிடுகின்றன. திருப்பலி முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் தூத்துக்குடித் தமிழ் காதில் விழவே, மாமா அங்கேயே நின்று ஊர்க்கதை பேசத் தொடங்கிவிட்டார்; அன்றைய மதியம் அப்படியே போயிற்று.

மெட்டை எடைபோட வேண்டுமானால் ஆர்தர் கார்டன் ஷூஸ்மித்தையும் பார்க்க வேண்டும். மெட் பேக்கரின் ஆள் என்றால், இவர் 1920 முதல் தில்லியில் லட்யன்ஸின் ஆள். 1888இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் பிறந்த இவர் தில்லி கண்டோன்மென்ட்டில் கட்டிய புனித மார்ட்டின் படைக்கோவிலை இன்னொரு நாள் போய்ப் பார்த்தோம். சதர் பஜார் கண்டோன்மென்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

1928இல் தொடங்கி 1930இல் முடிந்த இந்தக் கோவில் ஏறத்தாழ 35 லட்சம் செங்கற்களால் ஆனது. பகட்டான செங்கல் வேலைப்பாடுகளை விட்டுவிட்டு ரோமானியச் சுவரைப்போலக் கட்டச் சொல்லி லட்யன்ஸ் அவருக்குக் கடிதம் எழுதினார். அந்த அறிவுரையை ஷூஸ்மித், லட்யன்ஸே எதிர்பார்த்திராத எல்லைவரை கொண்டுபோய்விட்டார். தூண் இல்லை, சிற்பம் இல்லை, அலங்காரப் பட்டை இல்லை. கீழே பருத்து மேலே போகப் போகச் சிறு படிகளாக ஒடுங்கும் வெறும் செங்கல் சுவர். அதில் ஆங்காங்கே குத்தியெடுத்தது போன்ற சிறு திறப்புகள். ஒரு முனையில் பெரும் கனசதுரமாக எழும் கோபுரம். படைத் தலைவரின் மகளான பெனலோப் செட்வோட், பொருள்களைக் கனசதுரம் போன்ற வடிவங்களாக உடைத்து வரையும் ஓவியப் பாணியின் பெயரால், இதைக் கியூபிஸ்ட் கோவில் என்று வேடிக்கையாகச் சொன்னார். அந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

மாமா சுவரை ஒட்டி மெதுவாக நடந்துபோய் மூலையில் நின்றார். "பூசி மறைக்கிற சுவர்னா என்ன வேணாலும் செய்யலாம். இதுல ஒரு வரி கோணினாலும் நூறு வருசத்துக்குத் தெரியும். கொத்தனாருக்கு வச்ச பரீட்சைடே இது" என்று சொன்னவர், அந்தக் கொத்தனார்களின் பெயர் எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

வெளியிலிருந்து பார்க்கும்போது தில்லியின் இருபதாம் நூற்றாண்டுக் கோவில்களில் இதற்கு இணையானது இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ஆராதனைக்கு உட்கார வேண்டுமென்றால் மெட்டின் மீட்பின் பேராலயத்துக்குத்தான் போவேன். ஷூஸ்மித்தின் சுவர்கள் கோட்டைக்குள் இருக்கும் உணர்வைத் தருகின்றன, அது படைவீரர்களின் கோவிலுக்குப் பொருத்தம்தான் என்றாலும் கூட. ஷூஸ்மித் 1931இல் இங்கிலாந்து திரும்பினார். அதன்பின் 1974இல் இறக்கும்வரை இதைப்போலச் சொல்லிக்கொள்ளும்படி எதையும் அவர் கட்டவில்லை. பேக்கருக்காக 1915இல் தில்லி வந்த வால்டர் ஜார்ஜோ திரும்பிப் போகவே இல்லை. கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) புனித ஐரீன் கோவிலை இளமையில் அளந்து ஆராய்ந்தவரான அவர், புனித ஸ்தேவான் கல்லூரியின் செங்கல் கட்டடங்களை வரைந்து, விடுதலைக்குப் பிறகும் இந்தியாவிலேயே தொழில் செய்து, 1962இல் தில்லியிலேயே இறந்தார்.

மெட் இந்த இருவருக்கும் இடைப்பட்டவர். கன்னாட் பிளேஸை வடிவமைத்த ராபர்ட் டார் ரஸ்ஸல் விலகியதும், 1939இல் இந்திய அரசின் தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனார். தம் துறையின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் என்று தெரிந்ததும் மாமாவுக்கு மெட்டின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது. ஆனால் பதவி வந்த வேளை சரியில்லை: அந்த ஆண்டே போர் மூண்டது, தலைநகரின் புல்வெளிகளில் படை அலுவலகங்களுக்கான தற்காலிகக் கொட்டகைகள்தாம் முளைத்தன. கோவில்களில் அவர் காட்டிய நிதானத்தை அரசுக் கட்டடங்களில் காட்ட அவருக்கு உரிய காலம் வாய்க்கவில்லை. 1947இல் இங்கிலாந்து திரும்பிய அவர் 1977இல் காலமானார்.

இந்தியாவில் இருந்தபோதே அவர் தில்லிக்கு வெளியே ஒரு பெரிய வேலையை முடித்திருந்தார். 1937இல் அடிக்கல் நாட்டி 1940 ஜனவரியில் திறக்கப்பட்ட நாக்பூர் உயர் நீதிமன்றம் அவர் வரைந்தது. இப்போது மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர்க் கிளை அங்கே இயங்குகிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வரும் தில்லித் தமிழர்கள் நாக்பூரில் வண்டி நிற்கும்போது ஆரஞ்சு வாங்குவதோடு சரி, ஊருக்குள் போவதில்லை. அடுத்த முறை பயணச்சீட்டை இரண்டாகப் பிரித்து எடுத்து அங்கே ஒரு நாள் தங்கலாம் என்பது மாமாவின் யோசனை. நீதிமன்றம் வேலை நாட்களில் பரபரப்பாக இருக்கும். உள்ளே பார்க்க முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுத வேண்டும் என்பதால், கடிதத்தைத் தாமே எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார்.