உளுந்து பறிப்பதற்குள் ஹேவ்லாக்

"கோடியக்கரையில இருக்கறதும் கடல்தானே, அதுக்கு ஏண்டி அந்தமான் வரைக்கும்?" என்று அம்மா கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் பார்க்க ஆசைப்படுவது பவளப்பாறையை. பவளத்தின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசி வெயிலை வாங்கி உணவு தயாரித்துக் கொடுத்தால்தான் அது பிழைக்கும். அதற்குத் தெளிந்த தண்ணீர் வேண்டும். காவிரியும் அதன் கிளையாறுகளும் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் நம் வயல். அதே வண்டல் நம் கரையோரக் கடலைக் கலங்கலாகவே வைத்திருக்கிறது. நமக்குச் சோறு போடும் மண் பவளத்துக்கு ஆகாது! தெற்கே மன்னார் வளைகுடாவில் பவளம் உண்டு, அது பக்கமும்கூட. ஆனால் எங்கள் பாப்பா மனசில் அந்தமானின் ஹேவ்லாக் தீவு பதிந்துவிட்டது. 2018ல் அந்தத் தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். எல்லோரும் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் சொல்கிறார்கள்.

எப்போது போவது என்பதை வயலே முடிவு செய்துவிட்டது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் தெளித்த உளுந்து, பறிப்புக்கு வர மார்ச் ஆகிவிடும். நடுவில் பிப்ரவரிக் கடைசியில் என் வீட்டுக்காரருக்குக் கை கொஞ்சம் ஓயும். அந்தமானிலும் இரண்டு பருவமழையும் ஓய்ந்து கடல் அடங்கிக் கிடக்கும் நேரம் அதுதான்.

சென்னையில் அக்கா வீட்டில் ஓர் இரவு. மறுநாள் விமானத்தில் போர்ட் பிளேர், அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக். கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்கும் வாயில் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீரில் மிதந்தபடி கீழே பார்க்கும் ஸ்நார்க்கலிங்குக்கு எலிஃபண்ட் பீச். தீவின் ஜெட்டியிலிருந்து படகில் போகலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, வளையத்தைப் பிடிக்கச் சொல்லி வழிகாட்டி இழுத்துப் போவார். காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வாங்கிவிட்டோம். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுக்க வேண்டும். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. பாப்பாவுக்கு நின்றது. அவருக்கு மீசை வழியாகக் காற்று புகுந்தது. வாஸ்லின் தடவியதும் நின்றுவிட்டது.

இப்போது தினமும் சாயங்காலம் தெருக் குளத்தில் பழக்கம். படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, குனிந்து முகத்தை மட்டும் உள்ளே வைத்து வாயால் மூச்சு விடுகிறோம். மூக்கு சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. குழாயில் தண்ணீர் ஏறினால் பதறாமல் 'ஃபூ' என்று ஒரே ஊதாக ஊதித் தள்ள வேண்டும். நேற்று கெண்டைக் குஞ்சு காலைக் கடித்ததும் பாப்பா குழாயை வாயில் வைத்தபடியே கத்தினாள். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த சித்தி பயந்து எழுந்துவிட்டார்.

பாப்பாவிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பாறை மாதிரி தெரிந்தாலும் பவளம் உயிர். மேலே கால் வைக்கக் கூடாது, கரையில் கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளமும் வருகிறது, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். சன்ஸ்கிரீனில் சிலது பவளத்துக்குக் கெடுதல் என்பதால் மூவருக்கும் முழுக்கைச் சட்டைதான்.

விமான டிக்கெட் போட்டாச்சு. நெல் பணம் வங்கியில் ஏறியதும் கப்பலுக்குப் போட வேண்டும்.