கழுதை மேல் போகிறவர் யார்? ஜப்பானிய ஓவியத் தாளுக்கு நான் படித்த விதம்

ஆசியக் கலை வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி தெரியும். தேர்வில் திரையில் ஓர் ஓவியத்தைக் காட்டுவார்கள், சில நிமிடங்களில் அடையாளம் கண்டு குறிப்பு எழுத வேண்டும். ஜப்பானியப் பகுதி வந்தால் மலை, பைன் மரம், தாடி வைத்த ஒரு சீனப் பெரியவர் என்று எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஓவியர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பெரியவர்களின் கதைகளிலிருந்து நான் தொடங்கினேன்.

முகத்தைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். செவ்வந்தியும் வேலியும் என்றால் பதவியை உதறி ஊர் திரும்பிய கவிஞர் தாவோ யுவான்மிங். பிளம் மரமும் கொக்கும் என்றால் தனிமையில் வாழ்ந்த கவிஞர் லின் ஹெஜிங். அருவியை அண்ணாந்து பார்ப்பவர் பெரும்பாலும் கவிஞர் லி பாய். தாமரை என்றால் தத்துவ அறிஞர் சோ மாவோஷு. கானோ மசனோபு வரைந்த அவருடைய படம் ஜப்பானின் தேசியப் பொக்கிஷம், கட்டாயம் பார்த்து வையுங்கள்.

எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜிக்கு மட்டும் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அவர் மூன்று வேடத்தில் வருவார். வாத்துகளை ரசிப்பவராக வரலாம். விசிறி விற்கும் கிழவியோடு வரலாம்: கேட்காமலே அவள் விசிறிகளில் எழுதிவிடுகிறார், அவள் கோபப்படுகிறாள், அப்புறம் அந்த எழுத்துக்காகவே விசிறிகள் நல்ல விலைக்குப் போகின்றன. 15ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஜோசெட்சு வரைந்த இந்தக் காட்சி கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூன்றாவது, 353ஆம் ஆண்டில் அவர் நடத்திய ஆர்க்கிட் மண்டப விருந்து. ஓடையில் மதுக்கிண்ணங்கள் மிதந்து வரும், கரையில் புலவர்கள் உட்கார்ந்திருப்பார்கள், கவிதை வராதவருக்குத் தண்டனை குடிப்பது. (தண்டனையா அது!) கானோ சான்செட்சுவும் இகே தைகாவும் இதை வரைந்திருக்கிறார்கள்.

சரி, கழுதைக்கு வருவோம். இதில்தான் பலருக்கு மதிப்பெண் போகும். து ஃபூ, சூ டோங்போ, மெங் ஹாவ்ரான் என்ற சீனக் கவிஞர்கள் மூவருமே கழுதையில் போவார்கள். பனி கொட்டினால் மெங் ஹாவ்ரானைச் சந்தேகியுங்கள். உயரமான தனித் தொப்பி இருந்தால் டோங்போ. எதுவும் தெளிவாக இல்லையென்றால் 'கழுதை மேல் கவிஞர்' என்றே எழுதி, காரணத்தைச் சொல்லுங்கள். துணிந்து தவறான பெயர் போடுவதைவிட அது மேல்.

பெயரோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். ஜப்பானியர் ஏன் இவர்களை வரைந்தார்கள் என்று இரண்டு வரியாவது வேண்டும். முரோமாச்சி காலத்தில் (14-16ஆம் நூற்றாண்டு) சீனக் கவிதையில் ஊறிய ஜென் பௌத்தத் துறவிகள் இப்படங்களின் மேற்பகுதியில் தாங்களே கவிதை எழுதினார்கள். எடோ காலத்தில் (17-19ஆம் நூற்றாண்டு) நாடு கிட்டத்தட்ட மூடியிருந்ததால் தைகா, பூசோன் போன்ற ஓவியர்கள் சீனாவுக்குப் போனதே இல்லை. இறக்குமதியான அச்சுநூல்களிலும் ஓவியங்களிலும் கண்ட சீனாவைத்தான் வரைந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சீனப் புலவர் தாங்கள் வாழ விரும்பிய ஒரு வாழ்க்கை முறையின் உருவம். இரு காலங்களுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எழுதினால் திருத்துபவர் கவனிப்பார்.

ஜப்பானிய விளக்கக் குறிப்புகளில் வாங் ஷீஜி 'ஓ கிஷி' என்றும், லி பாய் 'ரிஹாகு' என்றும், டோங்போ 'தோபா' என்றும் இருப்பார்கள். இரண்டு பெயரையும் சேர்த்தே குறித்து வையுங்கள். பயிற்சிக்கு ஜப்பானின் தேசிய அருங்காட்சியகங்களின் கோல்பேஸ் (ColBase) இணையதளம் போதும், படங்கள் இலவசம். தலைப்பை மறைத்துவிட்டு முதலில் நீங்கள் எழுதுங்கள், பிறகு திறந்து பாருங்கள்.