அப்பாவின் சிலிப்பருக்குள் ஒரு கல்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்ட வேலையை விட்டு 10 வருஷமாகியும் அப்பா அந்த ரப்பர் சிலிப்பரை விடவில்லை. போன வாரம் அதற்குள் மிளகளவு கல் ஒன்று நாள் முழுக்கக் கிடந்திருக்கிறது, மனிதருக்குத் தெரியவே இல்லை. சாயங்காலம் கால் கழுவும்போது பெருவிரலுக்குக் கீழே தோல் உரிந்து ஈரமாக இருந்ததை அம்மாதான் பார்த்தார். அப்பாவுக்கு இருக்கும் இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) நாள்பட்டால் கால் மரத்துப்போகும், ரத்த ஓட்டமும் குறையும், வலிக்காத புண் வழியாகக் கிருமி எலும்பு வரைக்கும் போகலாம். இவரோ மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்கிறார்!

கிளினிக்கில் நர்ஸ் தூண்டில் தங்கூசி மாதிரி ஒரு நைலான் இழையை (10 கிராம் அழுத்தத்தில் வளையுமாம்) பாதத்தில் வைத்து, "தெரியுதா அங்கிள்?" என்று கேட்க, நான்கு இடத்தில் அப்பாவிடம் பதிலே இல்லை. அப்புறம் கட்டுப் போட்டு, ஆண்டிபயாடிக் கொடுத்து, இரண்டு நாளில் வரச் சொன்னார்கள். இப்போது சிலிப்பரைத் தட்டிவிட்டுத்தான் போடுகிறார், அம்மா பார்க்கும்போது மட்டும்.