தடைக்காலத்துக்கு முன்னால் ஒரு மளிகைக் கணக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. என் வீட்டுக்காரர் மண்டபம் ஊரில் விசைப்படகு டிரைவர். படகை நாங்கள் போட்டு என்போம். மீன் விற்றதில் வரும் பங்குக் காசுதான் வருமானம். நான் அங்கேயே ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். போட்டு நின்றால் ஐஸ் யாருக்கு வேண்டும்? எனக்கும் அந்த இரண்டு மாதம் பாதிச் சம்பளம்தான். அதனால் மார்ச் பிறந்ததும் எங்கள் வீட்டில் மளிகை விலை பார்ப்பது தனி வேலையாகிவிடும். மாமியார் அதற்கு வைத்திருக்கும் பெயர் "கலெக்டர் ஆபீஸ் வேலை".

வீடு உச்சிப்புளியில். தெருமுனையில் அண்ணாச்சி கடை. ராமநாதபுரம் போனால் சூப்பர் மார்க்கெட்டுகள். முன்பெல்லாம் பஸ் காசைக் கணக்குப் பார்த்தால் அங்கே மிச்சம் பிடித்தது வழியிலேயே போய்விடும். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை என்று ஆனபிறகு அந்தக் கணக்கே மாறிவிட்டது. ஆனால் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றபடி வருவதற்கு இதுவரை யாரும் விலை போடவில்லை.

நான் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்திருக்கிறேன். பாக்கெட் விலையை அதில் எழுத மாட்டேன். கிலோவுக்கு என்ன, லிட்டருக்கு என்ன, அவ்வளவுதான். பாக்கெட்டின் முதுகில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராம் இத்தனை காசு என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். போட வேண்டும் என்பது விதி. ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடைக்காரர் கழிவு கொடுத்தால் நாம்தான் மறுபடி வகுக்க வேண்டும். அந்த எம்.ஆர்.பி.யே பாக்கெட் போடுகிறவர் வைக்கும் விலைதான். 210 என்று அச்சடித்து 149-க்குக் கொடுத்தால் 61 ரூபாய் லாபம் என்று பில்லின் அடியில் வரும். அந்த வரியை நான் படிப்பதே இல்லை.

எண்ணெயில் பார்க்க வேண்டியது வேறு. ஒரு பாக்கெட்டில் 1 லிட்டர் என்று இருக்கும், பக்கத்துப் பாக்கெட்டில் 850 கிராம் என்று இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே உயரம். சூரியகாந்தி எண்ணெய் லிட்டருக்குச் சுமார் 910 கிராம்தான் நிற்கும். லிட்டர் 160 ரூபாய், 850 கிராம் 152 ரூபாய் என்றால் கை தானாக 152-க்குத்தான் போகும். வகுத்துப் பாருங்கள்: முதலாவது கிலோ 176, இரண்டாவது 179. எட்டு ரூபாய் குறைவாகத் தெரிந்தது மூன்று ரூபாய் அதிகம்.

அரிசிச் சிப்பமும் அப்படித்தான். 2022 ஜூலையில் லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். உடனே 26 கிலோ சிப்பம் வந்துவிட்டது. நம்ம ஆள்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? 25 கிலோ 1,400-க்கும் 26 கிலோ 1,430-க்கும் இருந்தால் பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதுதான் கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவு. சில்லறையாக நிறுத்துத் தரும் பருப்புக்கு இந்த வரி கிடையாது. அதனால் பருப்பை எங்கே வாங்கினாலும் பாக்கெட்டைத் தொடுவதில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பும் 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயிலும் கிடைக்கும். அது போக மீதிக்குத்தான் கடை.

சூப்பர் மார்க்கெட்டில் வாங்கவே கூடாது என்று நான் வைத்திருக்கும் சாமான்களும் உண்டு. ராமநாதபுரத்துக்காரி பாக்கெட் மிளகாய்த்தூள் வாங்குவதைப் போல ஒரு கூத்து இல்லை. நம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். கமுதி, முதுகுளத்தூர் பக்கம் பழம் பறித்துக் களத்தில் காயும் நேரம் இதுதான். புது வத்தலை வாங்கி, காம்பு கிள்ளி, மல்லியோடு நல்ல வெயிலில் காயவைத்து மில்லில் கொடுத்தால் தூள் வாசம் தெருவுக்கே தெரியும். நாங்கள் மூன்று நான்கு வீடு சேர்ந்து எடுப்போம், மதினி வீடும் சேர்த்து. கல்லுப்பும் அப்படியே. வாலிநோக்கத்தில் அரசாங்க உப்பளத்தை வைத்துக்கொண்டு எங்கிருந்தோ வந்த உப்பின் விளம்பரத்துக்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? கருப்பட்டி சாயல்குடிப் பக்கம் இருந்து வரும். பதநீர் இறங்கும் மாதங்களில் வாங்கினால் விலையும் இறங்கியிருக்கும். கருவாடு தடைக்காலத்துக்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். மே மாதம் போய் நெத்திலிக் கருவாடு விலை கேட்டால் தலை சுற்றும்.

பெரிய பாக்கெட் வாங்கினால் கிலோ விலை குறையும் என்பது உண்மைதான். ஆனால் கடற்கரையில் அது எல்லாவற்றுக்கும் செல்லாது. எங்கள் காற்றில் காபித்தூள் கட்டி தட்டும், சர்க்கரை ஒட்டும், பிஸ்கட் நமுத்துப் போகும், ரவையில் வண்டு விழும். குடும்பப் பாக்கெட் காபித்தூளில் நாற்பது ரூபாய் மிச்சம் பிடித்து, கடைசிக் கால் பங்கைக் கத்தியால் குத்தி எடுப்பதில் என்ன லாபம்? எண்ணெய், புளி, சோப்பு, இவை மட்டும் பெரிதாக. மற்றது சிறிதாகவே.

இப்போது அண்ணாச்சிக்கு வருகிறேன். என் நோட்டில் துவரம்பருப்பு ராமநாதபுரத்துச் சூப்பர் மார்க்கெட்டில் கிலோ 128, அண்ணாச்சியிடம் 136. இதைக் காட்டித்தான் என் தம்பி, "ஏன்க்கா இன்னும் அங்கேயே வாங்குறே?" என்று கேட்பான். அவன் திருப்பூரில் மாதச் சம்பளக்காரன். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்த எட்டு ரூபாய் நஷ்டம்தான். எங்களுக்கு அது வேறு கணக்கு.

தடைக்காலத்தில் அண்ணாச்சி பற்று எழுதுவார். அரசாங்கத்தின் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறும்போது கொஞ்சம், போட்டு இறங்கி முதல் பங்கு வந்ததும் மீதி. 128-க்கு எட்டு ரூபாய் என்றால் நூற்றுக்கு ஆறே கால். இரண்டு மாதக் கடனுக்கு மொத்தமே அவ்வளவுதான். அதே பணத்தைக் கைமாற்றாகத் தண்டல்காரரிடம் வாங்கினால் நூற்றுக்குப் பத்து, அதுவும் மாதம் மாதம். சூப்பர் மார்க்கெட்டில் போய், "ஜூன் 14-க்கு அப்புறம் தர்றேன் சார்" என்று சொல்லிப் பாருங்கள். அண்ணாச்சியின் எட்டு ரூபாய் பருப்பின் விலை இல்லை, பொறுத்துக்கொள்வதற்கான விலை. அதனால் கையில் காசு இருக்கும் மாதங்களிலும் அவரை விடுவதில்லை. பத்து மாதம் ராமநாதபுரத்தில் வாங்கிவிட்டு இரண்டு மாதம் மட்டும் நோட்டை நீட்டினால் எந்தக் கடைக்காரர் எழுதுவார்?

ஆனால் ரொக்கம் கொடுக்கும்போது பற்று விலை கொடுக்க மாட்டேன். "ரொக்கம்தானே அண்ணாச்சி, பார்த்துப் போடுங்க" என்றால், "நீ நோட்டு வச்சிருக்க பிள்ளைல்ல, ஒங்கிட்ட என்ன பேச" என்று இரண்டு மூன்று ரூபாய் தள்ளிப் போடுவார். உளுந்து அவரிடம்தான் எப்போதும். சூப்பர் மார்க்கெட்டு உளுந்து கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைவு. ஆட்டினால் மாவு காண்பதில்லை. கிலோ விலை சரியாக இருந்து இட்லி எண்ணிக்கை குறைந்தால் அந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

சூப்பர் மார்க்கெட்டில் நான் உறுதியாக வாங்குவது சோப்பு, பேஸ்ட், நாப்கின், பாத்திரம் கழுவும் சோப்பு. அங்கே கழிவு உண்மையாகவே கிடைக்கும். பில்லை மட்டும் கல்லாவை விட்டு நகராமல் படிக்க வேண்டும். ஒரு கடையில் தட்டில் ஒட்டிய விலை ஒன்று, பில்லில் ஏறிய விலை ஒன்று. கேட்டதும், "கம்ப்யூட்டர்ல மாத்தலக்கா" என்று அந்தப் பையன் திருப்பிக் கொடுத்தான். கேட்காதவர்களுக்கு மாற்றினார்களா, தெரியாது.

ஷாம்பு மட்டும் பாட்டிலில் வாங்க மாட்டேன். பெரிதாக வாங்கினால் மலிவு என்பது அங்கே தலைகீழ். ஒரு ரூபாய்ச் சாஷேயை மில்லிக் கணக்கில் வகுத்தால் பெரும்பாலும் பாட்டிலைவிடக் குறைவாகத்தான் வரும். அண்ணாச்சி கடை வாசலில் தொங்குகிறதே, அந்தச் சரத்தையே மொத்தமாகக் கழற்றி வாங்கிவிடுவேன்.

நோட்டில் சோப்பு, பேஸ்ட் பக்கங்களை 2025 செப்டம்பரில் அடித்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. அந்த மாதம் 22 முதல் குளியல் சோப்பு, பேஸ்ட், ஷாம்பு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரி 18-லிருந்து 5 ஆனது. வரியோடு 118 ரூபாய்க்கு விற்றது 105-க்கு வர வேண்டும். எது வந்தது, எது எடையைக் குறைத்துக்கொண்டு பழைய விலையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கப் பழைய பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். துணி துவைக்கும் பவுடருக்கு 18 அப்படியே இருக்கிறது. மீன் வாடை போக அதுதான் எங்கள் வீட்டில் கிலோ கணக்கில் செலவாகும்.