வயதான தங்கமீனுக்கு வந்த வயிற்று வீக்கம்: கண்டறிந்த விதமும் கவனித்த விதமும்

கோவையில் சிறுவாணித் தண்ணீரிலேயே வளர்ந்த எங்கள் வீட்டு ஒரண்டா வகைத் தங்கமீனுக்குப் பத்து வயதை ஒட்டி வயிறு பெருக்கத் தொடங்கியது. நல்ல பராமரிப்பில் தங்கமீன்கள் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்வது இயல்பு. இங்கிலாந்தில் டிஷ் என்று பெயரிடப்பட்ட ஒரு தங்கமீன் 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. ஆகவே, வயதாகிவிட்டது என்ற ஒரு சொல்லோடு இந்த வீக்கத்தை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வயதான மீனின் உடலில் எது முதுமை, எது நோய் என்று பிரித்தறிய நாங்கள் கடந்து வந்த வழி, இதே கவலையில் இருக்கும் பிறருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நிறம் வெளிறுவது, கண்ணில் புரை விழுவது, நீந்தும் வேகம் குறைவது ஆகியவை முதுமையின் அடையாளங்கள். எங்கள் மீனுக்கு இவை வெகுநாட்களாகவே இருந்தன. உணவைக் கண்ணால் தேடாமல் வாசனையைக் கொண்டே தேடியது. புதிதாகச் சேர்ந்தவை வேறு. மேலிருந்து பார்த்தபோது வயிற்றின் வலப்பக்கம் மட்டும் புடைத்திருந்தது. நீந்தும்போது உடல் அந்தப் பக்கமாகவே சாய்ந்தது. முதுகுத் துடுப்பு மடிந்தே கிடந்தது. விளக்கொளியைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோதுதான் புடைத்த இடத்தில் இருந்த செதில்களின் ஓரம் மயிரிழை அளவு தூக்கியிருப்பது தெரிந்தது. உடல் முழுவதும் செதில்கள் சிலிர்த்து நிற்கும் நிலைக்குப் போய்விட்டால் மீட்பது கடினம் என்பதால், அந்த மெல்லிய தூக்கலைக் கண்ட அன்றே வேலையைத் தொடங்கினோம்.

மீனுக்கு முன்பாகத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். டெஸ்ட் கிட்டில் நைட்ரைட் இல்லை. ஆனால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா லிட்டருக்கு 0.5 மில்லிகிராமும், அதைப் பாக்டீரியாக்கள் சிதைத்த பின் மிஞ்சும் நைட்ரேட் 60 மில்லிகிராமும் காட்டின. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் 6க்கு இறங்கியிருந்தது; அது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். சிறுவாணித் தண்ணீரில் தாது உப்புகள் மிகக் குறைவு. குடிக்க இனிக்கும் அந்தத் தண்ணீரில், அமிலத்தைத் தாங்கி நிற்கும் கார்பனேட்டும் குறைவாகவே இருக்கும். மீன் பெரிதாகி அதன் கழிவு கூடக் கூட, அந்தக் கார்பனேட் தீர்ந்து பிஎச் சரிகிறது. பிஎச் சரிந்தால் அம்மோனியாவைச் சிதைக்கும் பில்டர் பாக்டீரியாக்கள் சோர்ந்துவிடுகின்றன. நாட்பட்ட தொட்டிகளில் சத்தமில்லாமல் நிகழும் சரிவு இது.

இந்த இடத்தில்தான் அவசரம் ஆபத்தாகிறது. அமிலத்தன்மையுள்ள தண்ணீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி, தீங்கு குறைந்த அம்மோனியமாகவே இருக்கிறது. பாதித் தொட்டியை ஒரே நேரத்தில் மாற்றி பிஎச்சைச் சட்டென்று உயர்த்தினால், அதில் ஒரு பங்கு நச்சு அம்மோனியாவாக மாறிச் செவுளைத் தாக்கும். எனவே நாள்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும், குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் மாற்றினோம். கழுவிய கிளிஞ்சல்களைத் துணிப்பையில் கட்டிப் பில்டருக்குள் வைத்தோம். அவை மெல்லக் கரைந்து கார்பனேட்டைத் தந்தன. சில வாரங்களில் பிஎச் 7.2இல் நிலைபெற்றது, மீனின் துடுப்பும் விரிந்தது. வீக்கம் மட்டும் குறையவில்லை.

கடையில் மெத்திலீன் புளூ என்ற நீல மருந்தும் மஞ்சள் நிற ஆன்டிபயாடிக் தூளும் கொடுத்தார்கள். இரண்டையும் தொட்டியில் ஊற்ற நான் சம்மதிக்கவில்லை. மெத்திலீன் புளூ முட்டைகளில் படரும் பூஞ்சைக்கும் உடலின் வெளிப்புறத் தொற்றுக்கும் உதவுமே தவிர வயிற்றுக்குள் இருக்கும் நோயைத் தொடாது. அதோடு, பாடுபட்டு மீட்ட பில்டர் பாக்டீரியாக்களையும் கெடுத்துவிடும். எதற்கென்று தெரியாமல் ஆன்டிபயாடிக் கொடுப்பது, மருந்துக்கு மசியாத கிருமிகளைத் தொட்டியிலேயே வளர்ப்பதாகும். மீன்வளப் படிப்பு முடித்த நண்பர் ஒருவர், மீனின் தோலிலும் செவுளிலும் இருந்து சிறிது சளியை வழித்தெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். செவுள் புழுவோ ஒட்டுண்ணியோ இல்லை என்பது உறுதியானது. பிரச்சினை உள்ளுறுப்பில்தான் என்று அவரே சொன்னார்.

செல்லப்பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். மீனுக்கு ஸ்கேன் எடுக்க முடியுமா என்று தயக்கத்தோடுதான் கேட்டேன். “நாய்க்குப் பாக்கற மெஷினேதானுங்க. தண்ணியே ஒலியைக் கடத்திரும், மீனைத் தொடக்கூட வேண்டியதில்லைங்க” என்றார். தொட்டித் தண்ணீர் நிரப்பிய அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் மீனை விட்டு, கையுறைக்குள் வைத்த ஸ்கேன் கருவியை அதன் உடலில் படாமல் ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தார். மீன் மிதக்க உதவும் காற்றுப்பை பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. முதுகெலும்பை ஒட்டி, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டிய சிறுநீரகத்தில் திராட்சைக் கொத்து போல் கறுப்பு வட்டங்கள். அவை நீர் நிறைந்த கட்டிகள். முட்டை தேங்கவில்லை, கெட்டியான புற்றுக்கட்டியும் தென்படவில்லை.

அதன் பிறகு எல்லா அறிகுறிகளும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. நன்னீர் மீனின் உடலில், வெளித் தண்ணீரில் இருப்பதைவிட உப்பு அதிகம். அதனால் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் இடைவிடாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை இறைத்து வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் தளர்ந்தால் நீர் தேங்குகிறது, காற்றுப்பை இடம் பெயர்கிறது, மீன் சாய்கிறது. கட்டிகளைக் குணமாக்க மருந்து இல்லை என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆனால் சிறுநீரகத்தின் சுமையைக் குறைக்கலாம் என்றார்.

அதற்கு வழி கல்லுப்பு. தொட்டித் தண்ணீரில் உப்பு கூடினால் உடலுக்குள் புகும் நீரின் அளவு குறையும். லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, சில நாட்கள் இடைவெளி விட்டு 2 கிராம் வரை உயர்த்தினோம். உப்பு ஆவியாகாது என்பதை நினைவில் வைப்பது முக்கியம்: வற்றிய அளவுக்கு வெறும் தண்ணீரும், வெளியேற்றிய அளவுக்கு மட்டும் உப்புத் தண்ணீரும் சேர்க்க வேண்டும். உப்பைத் தாங்காத நீர்ச்செடிகளை முன்பே வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டோம். வீக்கம் மூச்சை அழுத்தும் அளவுக்குப் போனபோது மருத்துவர் மெல்லிய ஊசியால் நீரை எடுத்தார். கட்டி மறுபடி நிரம்பும் என்பதால் அதை அடிக்கடி செய்யவில்லை.

அன்றாட ஏற்பாடுகளையும் மாற்றினோம். மேற்பரப்பை எட்டச் சிரமப்படாதபடி நீர்மட்டத்தைத் தாழ்த்தி, பில்டரின் வேகத்தைக் குறைத்தோம். மீன் வயிறு தரையில் பட அதிக நேரம் கிடந்ததால், புண் வராமலிருக்கக் கூழாங்கற்களை அகற்றினோம். மிதக்கும் உணவைத் தின்னும்போது காற்றையும் விழுங்கும் என்பதால், அடியில் மூழ்கும் உணவை ஊறவைத்து, பார்வை மங்கிய மீன் பழகிக்கொள்ளும்படி எப்போதும் ஒரே மூலையில் இட்டோம். வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை மிகவும் விரும்பித் தின்றது. கோடையில் தொட்டியின் மேல் சிறிய மின்விசிறியைச் சுழலவிட்டதில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது.

இப்படி ஓராண்டுக்கும் மேலாக நன்றாகவே இருந்தது. உணவுக்கு எழுந்து வருவதை அது நிறுத்தி, புரண்ட நிலையிலிருந்து நிமிர முடியாமல் போனால் அதன் துன்பத்தை நீட்டிக்கக் கூடாது என்று மருத்துவரோடு முன்பே பேசி முடிவு செய்திருந்தோம். அந்த நிலை வந்தபோது, வெதுவெதுப்பான நீரில் நன்கு குலுக்கிய கிராம்பு எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அவர் மயக்கமூட்டினார். செவுள் அசைவு நின்ற பின்னும் இதயம் துடிக்கும் என்பதால் நெடுநேரம் அதிலேயே விட்டுவைத்தார்.

உடலை உடனே அறுத்துப் பார்க்கச் சொன்னேன். மீன் உடல் விரைவில் அழுகும். ஃபிரீசரில் வைத்தாலோ திசுக்கள் சிதைந்துவிடும். சிறுநீரகம் முழுக்கக் கட்டிகளே இருந்தன. கல்லீரலிலும் மண்ணீரலிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த மைக்கோபாக்டீரியம் உண்டாக்கும் வெண்முடிச்சுகள் இல்லை, திசுவில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்த சோதனையிலும் கிருமி தெரியவில்லை. அந்தக் கிருமி கையில் உள்ள கீறல் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடியது என்பதால் இதை அறிவது அவசியமாயிருந்தது. அது இல்லை என்றானதால், அதே தொட்டியில் இருந்த மற்ற இரண்டு மீன்களுக்கு மருந்தும் தேவைப்படவில்லை, தொட்டியைக் கலைக்கவும் வேண்டியிருக்கவில்லை. உப்பை மட்டும் படிப்படியாகக் குறைத்து வெறும் தண்ணீருக்கு மாற்றினோம்.