ஃபேன் ஓடினா இன்ஜின் படுத்துக்குது: இன்ஜெக்டர் வயரிங்ல நான் பண்ண கூத்து

ரெண்டு வாரமா இதே தலைவலி. இன்ஜின் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது, ஐடில்ல சமத்தா நிக்குது, சூடு ஏறி ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பிச்சதும் திணற ஆரம்பிச்சு சில நேரம் அப்படியே படுத்துடுது. வைட்பேண்ட்ல (புகையை வச்சு கலவையை அளக்கிற சென்சார்) 14 சொச்சம் காட்டிட்டிருந்த ஏஎஃப்ஆர், அதாவது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துங்கிற கணக்கு, ஃபேன் போட்டதும் 16ஐத் தாண்டிடும். பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம். ஆனா ஃபியூல் பிரஷர் கேஜ் முள்ளு கொஞ்சம்கூட அசையல, பிளக் மாத்தியாச்சு, கார்புரேட்டரே போதும்னு வீட்ல திட்டும் வாங்கியாச்சு.

என் செட்டப் சிம்பிள்தான். ஆர்டுவினோ மெகா மேல உட்கார்ற ஸ்பீடுயினோ போர்டு (இதுதான் ஈசியூ, இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்), பெட்ரோலைப் பீய்ச்சுற நாலு இன்ஜெக்டர், நாலுமே ஹை இம்பிடன்ஸ், அதாவது காயில் ரெசிஸ்டன்ஸ் அதிகம். ஓம் மீட்டர் வச்சா ஒவ்வொண்ணும் 14 ஓம் கிட்ட காட்டும். 14 வோல்ட்ல ஒரு இன்ஜெக்டருக்கு 1 ஆம்ப்தான், போர்டுல இருக்கிற டிரைவரே (இன்ஜெக்டரை ஆன், ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர்) தாங்கிடும். பழைய வண்டியில இருந்து கழட்டின இன்ஜெக்டர் கிடைச்சா மட்டும் முதல்ல ஓம் பாத்துடுங்க, 2, 3 ஓம்னு காட்டினா அது லோ இம்பிடன்ஸ், 5 ஆம்ப் இழுக்கும், ரெசிஸ்டர் இல்லாம நேரா போட்டா டிரைவர் காலி.

ஆரம்பத்துல நான் குழம்பினது வேற ஒரு இடத்துல. ஈசியூதான் இன்ஜெக்டருக்கு 12 வோல்ட் குடுக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். அப்படி இல்ல, ஒரு பின்னுக்கு சாவி போட்டா எப்பவும் 12 வோல்ட் நிக்கும், இன்னொரு பின்னை ஈசியூ சில மில்லிசெகண்ட் எர்த்தோட சேர்த்து விடும், அவ்ளோதான். அதனால பிளக் மாட்டின நிலையில ரெண்டு பின்லயும் டெஸ்ட் லேம்ப் எரியும், காயில் வழியா வர்ற கரண்ட் அது. நான் ஷார்ட்டுன்னு பயந்து ஒரு சாயங்காலம் முழுக்க டேப்பைப் பிரிச்சுட்டு இருந்தேன். எந்த பின்னுக்கு 12 வோல்ட், எந்த பின்னுக்கு ஈசியூங்கிற கவலையும் வேணாம், வெறும் காயில்தானே, மாத்தி மாட்டினாலும் திறக்கும்.

சரி, ஃபேன் கதைக்கு வர்றேன். லேப்டாப்ல ஈசியூ காட்டுற பேட்டரி வோல்ட் பாத்தா 13.6, ஃபேன் ஓடும்போதும் பெருசா இறங்கல. அதனால கரண்ட் பிரச்சனை இல்லன்னு நானே முடிவு பண்ணி ஃபியூல் டேபிளை (எந்த நேரத்துல எவ்ளோ பெட்ரோல்னு ஈசியூ பாக்கிற கட்டம் போட்ட பட்டியல்) நோண்ட ஆரம்பிச்சேன், அங்கதான் ரெண்டு வாரம் போச்சு. கடைசியில ஒரு நாள் மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொரு முனையை இன்ஜெக்டர் பிளக்கோட 12 வோல்ட் பின்லயும் குத்திட்டு ஃபேனைப் போட்டேன். மீட்டர்ல 1.7 வோல்ட். ரெண்டு முனையும் பிளஸ் பக்கம்தான், கிட்டத்தட்ட சைபர் வரணும். பேட்டரியில கிளம்பின 13.6, இன்ஜெக்டர்கிட்ட போய் சேரும்போது 11.9.

காரணம் நான்தான். இன்ஜெக்டர், பம்ப், ஃபேன் மூணுக்கும் சோம்பேறித்தனமா ஒரே 0.75 ஸ்கொயர் எம்எம் வயர்ல சப்ளை இழுத்திருந்தேன், அதுக்கு 20 ஆம்ப் ஃபியூஸ் வேற, வயர் உருகினாலும் போகாத ஃபியூஸ். பம்ப் 5, ஃபேன் 10 ஆம்ப் இழுக்குது, நடுவுல ஒரு கிரிம்ப்பை (வயரை நசுக்கிப் பிடிக்கிற இணைப்பு) பல்லுல கடிச்ச மாதிரி பிடிச்சிருக்கேன், தொட்டா கை சுடுது. ஈசியூவுக்கு மட்டும் தனி வயர், அதான் அது பாட்டுக்கு 13.6ன்னு சொல்லிட்டிருந்துச்சு.

1.7 வோல்ட்டுக்கா இன்ஜின் படுத்துக்கும்னு கேட்டா, ஆமா. கரண்ட் குடுத்ததும் இன்ஜெக்டர் உடனே திறக்காது, ஊசி தூக்க கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் வீணா போகும், அதுக்குப் பேர் டெட் டைம். வோல்ட் குறையக் குறைய அது நீளும். ஈசியூவுக்கு இது தெரியும், வோல்ட்டைப் பாத்து சரிக்கட்டும், ஆனா அது பாக்கிறது தன்னோட வோல்ட்டை, இன்ஜெக்டர் படுற பாட்டை இல்ல. ஐடில்ல மொத்த பல்ஸே 2.5 மில்லிசெகண்ட்தான், டெட் டைம் போக பெட்ரோல் போறது 1.5. அதுல 0.2 திருடு போனா எட்டுல ஒரு பங்கு பெட்ரோல் அவுட். ஆக்ஸிலேட்டர் மிதிச்சா பல்ஸ் நீளமாகி இந்த நஷ்டம் கண்ணுக்கே தெரியாது, அதான் ரோட்டுல ஒழுங்கா ஓடிட்டு நின்னதும் படுத்துச்சு.

பேட்டரியில இருந்து 10 ஆம்ப் ஃபியூஸ், 2 ஸ்கொயர் எம்எம் வயர், இன்ஜெக்டருக்குன்னே தனி ரிலே போட்டேன். ரிலேயோட 30ஆம் நம்பர் பின்ல சப்ளை, 87ஆம் நம்பர் பின்ல இருந்து நாலு இன்ஜெக்டருக்கும் பிரிச்சாச்சு. பம்ப், ஃபேன் ரெண்டுக்கும் தனித்தனி ரிலே, ஃபியூஸ். எர்த் எல்லாத்தையும் பிளாக்ல ஒரே போல்ட்டுக்குக் கொண்டு வந்தேன். ரிலே காயில் ஆஃப் ஆகும்போது எகிறுற வோல்ட் ஸ்பைக்கை அடக்க டயோடு போட்டேன், ஆனா அதே ஜோர்ல இன்ஜெக்டருக்குக் குறுக்கேயும் சாதா டயோடு போட்டுடாதீங்க, கரண்ட் காயில்லயே சுத்திக்கிட்டு ஊசி லேட்டா மூடும், இன்ஜெக்டரோட ஸ்பைக்கை அடக்கிற வேலைக்கு டிரைவர் பக்கம் ஜீனர் கிளாம்ப் இருக்கு.

இப்போ ஃபேன் போட்டு அளந்தா 0.15 வோல்ட்தான் விழுது. ஐடில் அசையல. ஆனா பிளக்கைக் கழட்டினா நாலும் கன்னங்கரேல்னு கரி, ரெண்டு வாரமா ஐடில் பக்கம் நான் ஏத்தி வச்ச ஃபியூல் நம்பரெல்லாம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு கட்டமா இறக்கிட்டிருக்கேன்.