பயந்த நாய்க்கு ஒரு படுக்கை

புதிதாக வந்த நாய் படுக்கைப் பக்கமே போகாமல் கதவோரம் நிற்கிறதா? தயவுசெய்து தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைக்காதீர்கள். அதுவாக வர வேண்டும்.

ஆட்கள் நடக்கிற வழியிலும் சலவை இயந்திரத்தின் பக்கத்திலும் படுக்கை வேண்டாம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிற மூலை நல்லது. நீங்கள் உடுத்திக் கழற்றிய, துவைக்காத பழைய சட்டை ஒன்றை அதில் போடுங்கள். நாய்க்கு மூக்குதானே எல்லாம், நம் வாசனை அதற்குப் பெரிய ஆறுதல்.

அப்புறம், படுக்கையில் ஒரு தின்பண்டம் வைத்துவிட்டு விலகிப் போய்விடுங்கள். எங்கள் வீட்டுப் பெண் நாய் முன்னங்கால் இரண்டை மட்டும் உள்ளே வைத்து, கழுத்தை நீட்டிக் கவ்விக்கொண்டு ஓடிவிடுவாள். பின்னங்கால் வெளியேதான் நிற்கும். ஓடட்டும், பரவாயில்லை. உதட்டை நக்குவதும் தூக்கம் வராமலே கொட்டாவி விடுவதும் பதற்றத்தின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நேரத்தில் வற்புறுத்திக் கூப்பிடவே கூடாது.

படுக்கை கூண்டுக்குள் என்றால் அதன் கதவு திறந்தே இருக்கட்டும். கோபத்தில் ஒருபோதும் அங்கே விரட்டாதீர்கள். படுத்திருக்கும்போது குழந்தைகள் போய்த் தொடவும் விடாதீர்கள். முதல் சில இரவுகள் அதன் கண்ணில் படும் தூரத்தில் நீங்களும் படுத்தால் இன்னும் நல்லது. இத்தனைக்கும் பிறகும் இரவெல்லாம் நடுங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், உடம்பில் எங்காவது வலியாகவும் இருக்கலாம்.